வால்பாறை மலையில் உள்ளூர்ப் பேருந்துப் பயணத் திட்டமிடல்

கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆனைமலைத் தொடரில் சுமார் 3,500 அடி உயரத்தில் அமைந்துள்ள ஊர் வால்பாறை. தேயிலைத் தோட்டங்கள், சோலைக்காடுகள், அணைகள் ஆகியன சூழ்ந்த இவ்வூரைச் சொந்த வாகனம் இன்றி, அரசுப் பேருந்துகளிலேயே இரண்டு நாட்களில் சுற்றிப் பார்க்க இயலும். அதற்கு வேண்டிய திட்டமிடலை இக்கட்டுரை விளக்குகிறது.

மலையேறும் வழி

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 64 கி.மீ. தொலைவில் உள்ளது. பேருந்தில் செல்ல இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். முதல் 24 கி.மீ. பெரும்பாலும் தென்னந்தோப்புகள் நிறைந்த சமவெளி. ஆழியாறு அணையைக் கடந்ததும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஊடாக ஏற்றம் தொடங்குகிறது. வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குரங்கு அருவியும், ஒன்பதாம் வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனையும், அட்டகட்டியும் இவ்வழியில் வருகின்றன. ஒன்பதாம் வளைவிலிருந்து ஆழியாறு நீர்த்தேக்கம் முழுமையாகத் தெரியும். மேல் வளைவுகளின் பாறைச் சரிவுகளில் வரையாடுகளைக் காணலாம்.

இருக்கைத் தேர்வு

எந்தப் பக்கம் அமர்ந்தால் காட்சி நன்றாகத் தெரியும் என்பது பலர் கேட்கும் கேள்வி. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பேருந்து முழுவதும் திரும்புவதால், இடப்பக்கம் இருந்த பள்ளத்தாக்கு வலப்பக்கம் வந்துவிடும். ஆகவே பக்கத்தைவிடச் சன்னலோர இடம் கிடைப்பதே முக்கியம். பின் இருக்கைகளில் குலுக்கல் அதிகம். தலைசுற்றல், வாந்தி வருபவர்கள் முன்பகுதியில் அமர்வது நல்லது. பேருந்து புறப்படும் பொள்ளாச்சி நிலையத்திலேயே ஏறினால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தோட்டப் பேருந்துகள்

வால்பாறையிலிருந்து சோலையாறு அணை, முடீஸ், கருமலை முதலிய இடங்களுக்குப் பேருந்துகள் செல்கின்றன. இவை சுற்றுலாவுக்காக விடப்பட்டவை அல்ல. தோட்டத் தொழிலாளர்கள், பள்ளி மாணவர்கள், மருத்துவமனைக்குச் செல்வோர் ஆகியோருக்கான பேருந்துகள் இவை. எனவே காலையிலும் மாலையிலும் நெரிசல் மிகுதியாக இருக்கும். முற்பகலில் புறப்பட்டுப் பிற்பகலில் திரும்பும் வகையில் திட்டமிட்டால் பயணிக்கும் வசதி. அன்றாடம் பயணம் செய்வோருக்கும் இடையூறு இல்லை.

தமிழக அரசின் மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத் திட்டம் மலைப்பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்படும் என 2024ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. தாம் ஏறும் பேருந்துக்கு இது பொருந்துமா என்பதை நடத்துநரிடம் கேட்டறியலாம்.

திரும்பும் பேருந்தே முதலில்

மலைப்பயணத்தில் செல்லும் பேருந்தைவிடத் திரும்பும் பேருந்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். தோட்டங்களுக்குச் செல்லும் கடைசிப் பேருந்து சில வழித்தடங்களில் இரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலையில்தான் புறப்படும். இதை 'நைட் ஹால்ட்' என்பர். இதை அறியாமல் ஏறுபவர் தங்குமிடம் இல்லாத தோட்டத்தில் சிக்கிக்கொள்ள நேரும்.

இருட்டிய பின் நடந்து வரலாம் என்று எண்ணுவதும் ஆபத்தானது. இப்பகுதித் தோட்டங்களின் வழியே யானைகள் நடமாடுகின்றன. அவை இருக்கும் இடத்தை மக்களுக்கு அறிவிக்கச் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளும் குறுஞ்செய்தி முறையும் இங்குப் பயன்படுத்தப்படுகின்றன.

ஆகவே கடைசிப் பேருந்துக்கு முந்தைய பேருந்தையே தமக்குரியதாகக் கொள்ள வேண்டும். அது வராவிட்டாலும் இன்னொன்று மீதமிருக்கும். இறங்கும்போது, "திரும்ப எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நிற்கும்?" என்று நடத்துநரிடமே கேட்டுக்கொள்வது அச்சிட்ட கால அட்டவணையைவிட நம்பகமானது.

இரண்டு நாள் திட்டம்

முதல் நாள் காலை பொள்ளாச்சியில் புறப்பட்டால் நண்பகலுக்குள் வால்பாறையை அடையலாம். அறை எடுத்தபின் பேருந்து நிலையத்தில் மறுநாள் நேரங்களைக் குறித்துக்கொண்டு, கருமலை போன்ற அருகிலுள்ள ஒரு தடத்தில் மட்டும் சென்று வரலாம். இரண்டாம் நாள் முற்பகலில் சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள சோலையாறு அணைக்குச் சென்று திரும்பி, பகல் வெளிச்சம் இருக்கும்போதே மலையிறங்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு, மூன்று தடங்களைச் சேர்த்தால், ஒரு பேருந்து தவறினாலும் மீதித் திட்டம் முழுதும் குலையும்.

பருவமும் முன்னெச்சரிக்கையும்

சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கடுமையாக இருக்கும். அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழகத்தில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. மூடுபனியால் காட்சி மறையலாம். மண்சரிவால் போக்குவரத்தும் தடைபடலாம். குடை, கம்பளி உடை, சில்லறைப் பணம், குடிநீர் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். சன்னல் வழியே உணவு எறிவதும், குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுப்பதும் கூடாது. இவ்வுணவுக்காகச் சாலைக்கு வரும் சிங்கவால் குரங்குகள் வாகனங்களில் அடிபட்டு இறக்கின்றன.