கடினமான தாவல் இல்லாமலே பதக்கம்!

2022 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தன. நீளத் தாண்டலில் நம் பாலக்காட்டு இளைஞர் முரளி ஸ்ரீசங்கர் 8.08 மீட்டர் தாண்டினார். பஹாமாஸ் நாட்டு வீரர் லக்குவான் நெய்ர்ன் தாண்டியதும் அதே 8.08 மீட்டர்தான். அப்படியானால் தங்கம் யாருக்கு?

இதற்கு விதி இருக்கிறது. இருவருடைய இரண்டாவது சிறந்த தாண்டல் எது என்று பார்க்க வேண்டும். நெய்ர்னுக்கு 7.98 மீட்டர், ஸ்ரீசங்கருக்கு 7.84 மீட்டர். தங்கம் பஹாமாஸுக்குப் போயிற்று. வெள்ளி பாலக்காட்டுக்கு வந்தது.

வெள்ளி ஒன்றும் சிறிய சாதனை அல்ல. காமன்வெல்த் போட்டியில் ஆண்கள் நீளத் தாண்டலில் அதற்கு முன் இந்தியாவுக்குக் கிடைத்தது, 1978-ல் சுரேஷ் பாபு பெற்ற வெண்கலம் ஒன்றுதான். ஆயினும் பர்மிங்ஹாம் ஒரு பாடத்தைச் சொல்லிற்று. ஒரே ஒரு பெரிய பாய்ச்சல் போதாது. மற்றப் பாய்ச்சல்களும் கணக்கில் வரும். நாடா பிடித்து அளக்கிற போட்டியிலேயே இப்படி என்றால், நடுவர்கள் மதிப்பெண் போடுகிற போட்டிகளைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

பனித்தரையில் ஒரு கணக்கு

அத்தகைய போட்டிகளில் ஒன்று 'ஃபிகர் ஸ்கேட்டிங்'. மூணாறு பக்கம் ஜனவரிக் காலையில் புல்லின்மேல் உறைபனி படிந்திருப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதுவே ஒரு பெரிய கூடம் முழுவதும் கண்ணாடிபோல் இறுகிக் கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல், அடியில் கத்தி பொருத்திய காலணியுடன், இசைக்கேற்பச் சறுக்கி ஆட வேண்டும். இடையிடையே துள்ளி எழுந்து, அந்தரத்தில் பம்பரமாய்ச் சுழன்று, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும்.

மூன்று முறை சுழன்று இறங்குவது பெரிய வித்தை. நான்கு முறை சுழல்வது அதனினும் பெரிது. ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் நான்கு சுற்றும் முடிந்தாக வேண்டும்.

ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் அடிப்படை மதிப்பெண் உண்டு. 2018-ல் வந்த பட்டியலின்படி, 'லட்ஸ்' என்ற தாவலில் நான்கு சுற்றுக்கு 11.50, மூன்று சுற்றுக்கு 5.90. ஏறக்குறைய இரட்டிப்பு! ஆனால் கணக்கு அத்துடன் முடியவில்லை. செய்த விதம் எப்படி என்று பார்த்து, அடிப்படை மதிப்பெண்ணில் பாதி வரை கூட்டவும் செய்வார்கள், குறைக்கவும் செய்வார்கள். விழுந்தால் தனியாக ஒரு மதிப்பெண் வெட்டு.

இப்போது கூட்டிப் பாருங்கள். மூன்று சுற்றை அப்பழுக்கில்லாமல் செய்தவருக்கு 8.85 வரை கிடைக்கும். நான்கு சுற்றும் சுற்றிவிட்டு விழுந்தவருக்கு 5.75, வெட்டுப் போக மிஞ்சுவது 4.75!

டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை எழுதிய குமாஸ்தா அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மணியடிப்பதற்கு முன்பே தாளை முடித்துவிட்டு நிமிர்ந்தவர், பிழைகளுக்காக மதிப்பெண்ணை இழப்பதும், நிதானமாக அடித்தவர் முதல் வகுப்பில் தேறுவதும் அவர்கள் கண்ட காட்சிதானே!

வான்கூவரில் வெடித்த வாதம்

கனடாவின் வான்கூவர் நகரில் 2010-ல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தக் கணக்கு உலகையே இரண்டாகப் பிரித்தது. ரஷ்யாவின் எவ்கேனி புளூஷென்கோ முந்திய ஒலிம்பிக்கின் தங்க வீரர். நான்கு சுற்றுத் தாவலை அவர் செய்து காட்டினார். அமெரிக்காவின் எவன் லைசாசெக் அதை முயலவே இல்லை. ஆனாலும் தங்கம் லைசாசெக்குக்கே கிடைத்தது. 257.67-க்கு 256.36, வித்தியாசம் வெறும் 1.31.

இது எப்படி நடந்தது? ஆட்டத்தின் பின்பாதியில், களைத்த கால்களுடன் செய்யும் தாவல்களுக்கு அப்போது பத்து சதவீதம் கூடுதல் மதிப்பு இருந்தது. லைசாசெக் தம்முடைய எட்டுத் தாவல் பகுதிகளில் ஐந்தைப் பின்பாதியில் வைத்திருந்தார். புளூஷென்கோ வைத்தது மூன்று. தாவல்கள் மட்டுமன்றி, சுழற்சிகளிலும் கால் அசைவுகளிலும் லைசாசெக் சில்லறை சில்லறையாகச் சேர்த்தார். சேர்ந்த சில்லறை தங்கமாயிற்று.

புளூஷென்கோ இதை ஏற்கவில்லை. நான்கு சுற்றுத் தாவல் இல்லாதவர் ஒலிம்பிக் வீரரா என்று கேட்டார். அவர் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கடினமானதைத் துணிந்து செய்கிறவருக்குப் பயன் இல்லையென்றால், விளையாட்டு முன்னேறுவது எப்படி? அதன் பிறகு நான்கு சுற்றுத் தாவலின் மதிப்பை உயர்த்தத்தான் செய்தார்கள். இன்று ஆண்கள் பிரிவில் அது இல்லாமல் உச்சிக்குப் போவது அரிது.

ஜப்பான் பெண்ணின் வழி

பெண்கள் பிரிவில் கதை வேறு. 2022-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்ய இளம்பெண்கள் நான்கு சுற்றுத் தாவல்களுடன் வந்தார்கள். ஒருவர் ஒரே ஆட்டத்தில் ஐந்து முறை அதை முயன்றார். அவர்களுக்கு நடுவே ஜப்பானின் கவோரி சகாமோட்டோ நின்றார். நான்கு சுற்றும் இல்லை. மூன்றரைச் சுற்று 'ஆக்ஸல்' தாவலும் இல்லை. இருந்தும் வெண்கலம் பெற்றார். அவருடைய பலம் வேகமும், தாவி இறங்கிய பின்பும் அந்த வேகம் குறையாமல் வழுக்கிச் செல்லும் அழகும். 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகப் பட்டமும் அவருக்கே.

அந்த ஆண்டுகளில் போர் காரணமாக ரஷ்யர்கள் விலக்கப்பட்டிருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அதனால் மட்டும் அவர் வென்றார் என்று சொல்லவும் முடியாது. ரஷ்யர்கள் இருந்த பெய்ஜிங்கிலேயே பதக்கம் பெற்றவரல்லவா?

இன்னொன்றும் நடந்தது. உடல் இலேசாக இருக்கும் பதினைந்து, பதினாறு வயதில் பெண்கள் நான்கு சுற்றுத் தாவல் செய்வதும், இரண்டொரு ஆண்டில் காயத்தோடு ஒதுங்குவதும் கவலை தந்தது. பெரியவர்களுக்கான போட்டியில் கலந்துகொள்ளும் வயதை 15-லிருந்து 17-க்குப் படிப்படியாக உயர்த்த 2022-ல் உலகச் சங்கம் முடிவு செய்தது. பிஞ்சு முழங்கால்களின் விலையில் பதக்கம் வேண்டாம் என்பதே அதன் பொருள்.

அகர்தலா தந்த பாடம்

பனித்தரை நமக்குத் தூரம். ஆனால் இதே கதை நம் நாட்டுப் பெண் ஒருவருக்கும் நடந்தது. திரிபுரா மாநிலம் அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர், ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. 'புரொடுனோவா' என்பது உலகிலேயே ஆபத்தான தாவல்களில் ஒன்று. ஓடிவந்து, மேடையில் கை ஊன்றி எழும்பி, அந்தரத்தில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு இறங்க வேண்டும். தப்பினால் கழுத்துக்கே ஆபத்து. தீபா அதைச் செய்தார்.

2016-ல் ரியோ ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் அவருக்கு 15.066, நான்காவது இடம். வெண்கலம் பெற்ற ஸ்விட்சர்லாந்து வீராங்கனைக்கு 15.216. வித்தியாசம் 0.15! பதக்கம் பெற்ற மூவரில் ஒருவரும் புரொடுனோவா செய்யவில்லை. அது கடினத்துக்கு முழுதாக 7 மதிப்பெண் தந்தது. ஆனால் தீபா மிகவும் தாழ்ந்து இறங்கியதால், செய்த விதத்துக்கு 8.266 மட்டுமே கிடைத்தது.

ஆனால் அந்தத் தாவலைக் குறை கூறவும் கூடாது. 2014-ல் கிளாஸ்கோவில் காமன்வெல்த் வெண்கலத்தை வாங்கித் தந்ததும், ஒலிம்பிக் வாசலைத் திறந்துவிட்டதும் அதுவேதான். பிறகு 2017-ல் முழங்காலில் அறுவை சிகிச்சை. பல ஆண்டு சோதனைக்குப் பின், 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசியப் போட்டியில் தீபா தங்கம் வென்றார். ஆசிய ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அப்போது அவருக்கு வயது 30. கையில் புரொடுனோவா இல்லை. தெரிந்த தாவல்களைப் பிசகின்றிச் செய்தார், அவ்வளவே!

நம் பிள்ளைகளுக்கு

இந்த எல்லைப்புறம் ஓட்டக்காரர்கள் விளையும் மண். முண்டூர் சித்ராவும், இடுக்கி தந்த ஷைனி வில்சனும், பீனாமோளும், பிரீஜா ஸ்ரீதரனும் இங்கிருந்து போனவர்கள்தாம். எஸ்டேட் லயங்களிலிருந்தும், கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் நம் பிள்ளைகள் விளையாட்டு விழாக்களுக்குப் போகிறார்கள். பதக்கம் என்பது அவர்களுக்கு வெறும் தகடு அல்ல. ஒரு கல்லூரி இடம், ஒரு ரயில்வே வேலை, ஒரு குடும்பத்தின் விடிவு. ஆகவேதான் பெற்றோர் அவசரப்படுகிறார்கள். அடுத்த வீட்டுப் பையன் செய்வதைவிடப் பெரிதாகத் தம் பிள்ளை உடனே செய்யவேண்டும் என்று எண்ணுகிறார்கள்.

கூடை நிரம்பினால் போதும் என்று முற்றிய இலையையும் சேர்த்துக் கிள்ளினால் எடையில் கழித்துவிடுவார்கள் என்பது தோட்டத்துத் தாய்மாருக்குத் தெரிந்த கணக்கு. பிள்ளையின் விளையாட்டுக்கும் அதே கணக்குத்தான். பெரிய தாவல் வேண்டாம் என்பதல்ல. அதற்குரிய வயதும் உடலும் வரட்டும். அதுவரை சிறிய தாவலை நூறு முறையும் தவறாமல் செய்யப் பழகட்டும். பிள்ளையிடம் 'எவ்வளவு தூரம் தாண்டினாய்?' என்று கேட்கும்போது, 'இரண்டாவது முறை எவ்வளவு?' என்றும் கேளுங்கள். பர்மிங்ஹாமில் தங்கத்தைத் தீர்மானித்தது அந்த இரண்டாவது அளவுதான்.