வடசென்னைத் தொழிலுலகம் – 11: பத்து நிமிஷ அவகாசம்

தண்டையார்பேட்டையின் குறுக்குத் தெருக்களில் எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்கு உருப்படி தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைகள் முதல், திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் பெருந்தொழிற்சாலைகள் வரையில், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுடன் சற்று நேரம் சம்பாஷித்தால், பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: ‘ஆட்களுக்கு அக்கறை இல்லை.’ நேரத்துக்கு வருவதில்லை என்பார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வதில்லை என்பார்கள். காசு போட்டு வாங்கிக் கொடுத்த கையுறை மூலையில் கிடக்கிறது, புது மிஷின் போட்டால் பழையதே தேவலை என்கிறார்கள் என்றும் குறைப்பட்டுக் கொள்வார்கள். இந்த வியாதிக்கு அவர்கள் தேடும் பரிகாரமும் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் ஊக்கமூட்டும் பிரசங்கம் நடத்துவது. அதுவும் பலிக்காவிட்டால் சுவரில் ஓர் எச்சரிக்கை ஒட்டி, தாமதமாக வருபவருக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடிப்பது.

மனிதனுடைய மனோபாவத்தை முதலில் மாற்றிவிட்டால் அவனுடைய நடத்தை தானே மாறிவிடும் என்ற நம்பிக்கைதான் இம்முயற்சிகளுக்கெல்லாம் அடிப்படை. அந்த நம்பிக்கை தலைகீழானது என்பது எமது அபிப்பிராயம். வேலை நடக்கும் முறையும், வேலை வாங்குபவர் பேசும் முறையும் முதலில் மாறினால் தொழிலாளியின் நடத்தை மாறும். நடத்தை நிலைத்தபின் மனம் அதைப் பின்தொடரும். இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. தண்டையார்பேட்டைக்கு மேற்கே, அண்டையிலேயே இருக்கும் பெரம்பூரில் இந்தப் பாடம் நூறாண்டுகளுக்கு முன்பே நடந்தேறிவிட்டது.

பெரம்பூருக்குப் போகுமுன் மேற்சொன்ன தாமதத்தையே சற்று நின்று கவனிப்போம். கொருக்குப்பேட்டைப் பக்கத்திலிருந்து தையல் பட்டறைக்கு வரும் பெண், விடியுமுன் எழுந்து, குடங்களை வரிசையில் வைத்துத் தண்ணீர் பிடித்து, சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நடக்கத் தொடங்கும் வேளையில், சரக்கு ரயிலுக்காக ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது. வண்டி போய், எதிர்த் திசையில் இன்னொன்றும் போய், கேட் திறந்து, மறுபுறத்து நெரிசலைக் கடந்து பட்டறைக்குள் நுழையும்போது, ஓவர்லாக் மிஷினும் காஜா மிஷினும் ஓடத் தொடங்கியிருக்கின்றன. ‘ஏம்மா, தினமும் லேட்டா?’ என்கிறார் சூப்பர்வைசர். ‘கேட் போட்டுட்டான் சார்’ என்கிறாள் அவள். அவர் அதைச் சாக்கு என்கிறார். நோட்டுப் புத்தகத்தில் ஒரு சிவப்புக் கோடு விழுகிறது. அந்தக் கோடு விழுந்த நாளில் அவள் தைக்கும் உருப்படிகளைக் கட்டிங் மாஸ்டரிடம் காட்டிக் கேட்டால் வித்தியாசத்தை அவர் சொல்வார். வேலை தொடங்கும் நேரத்தை அரைமணி தள்ளி வைத்து, மாலையில் அதை ஈடுசெய்வது முதலாளிக்குச் சல்லிக்காசு செலவில்லாத காரியம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ‘எத்தனை மணிக்கு வந்தால் உனக்குச் சரிப்படும், அம்மா?’ என்று அவளிடம் ஒருமுறை கேட்கவேண்டும். அந்தக் கேள்வி கேட்கப்படாத இடங்களில்தான் அக்கறையின்மை என்ற நோய் கண்டுபிடிக்கப்படுகிறது.

1918 ஆம் ஆண்டின் பெரம்பூருக்கு வருவோம். பின்னி கம்பெனியாரின் பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் அக்காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட மகத்தான ஸ்தாபனங்கள்; அவற்றின் காக்கித் துணி பட்டாளத்துக்கெல்லாம் போயிற்று. நெசவாளிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிடைத்த அவகாசமோ முப்பது நிமிஷம். அந்த முப்பது நிமிஷத்துக்குள் அவன் தறியை நிறுத்திவிட்டு, பஞ்சுத் தூசி படிந்த கையைக் குழாயடியில் காத்திருந்து கழுவிக்கொண்டு, சாப்பிடும் இடத்துக்குப் போய், தூக்குச் சட்டியைத் திறந்து நாலு கவளம் விழுங்கிவிட்டு, மறுபடியும் தறிக்குத் திரும்பவேண்டும். வெளியில் இருப்பவருக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். நாள்தோறும் அவசரத்தில் விழுங்குகிறவனுக்கு அது மானப் பிரச்சினை.

ஆலைக்கு அருகே கடை வைத்திருந்த கோ. செல்வபதி செட்டியார், கோ. இராமாநுஜலு நாயுடு என்னும் இரண்டு வியாபாரிகள், வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி என்ற பெயரில் ஒரு சபையை நடத்தி வந்தார்கள். பக்திப் பிரசங்கம் கேட்கவந்த ஆலைத் தொழிலாளர்கள், பிரசங்கம் முடிந்தபின் தங்கள் கஷ்டங்களைச் சொன்னார்கள்; அவ்விருவரும் கேட்டார்கள். இந்தக் கேட்டல்தான் முதல் காரியம் என்பதை வாசகர்கள் குறித்துக் கொள்ளவேண்டும். அவர்களிடம் அதிகாரம் இல்லை, பணபலம் இல்லை, தொழிற்சங்க அனுபவமும் இல்லை. காது மட்டும் இருந்தது. ‘தேசபக்தன்’ பத்திரிகையின் ஆசிரியராயிருந்த திரு.வி.க. அச்சபையில் வந்து தொழிலாளரிடையே பேசினார். அன்னி பெசன்ட் அம்மையாருடன் முந்திய ஆண்டு காவலில் வைக்கப்பட்டிருந்த பார்சி அறிஞர் பி.பி. வாடியா தலைமை ஏற்க, 1918 ஏப்ரல் 27 ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் வரலாற்றாசிரியர் பலரும் குறிப்பிடுகிறார்கள். அச்சங்கம் தொடக்கத்திலேயே முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, சாப்பாட்டு நேரத்தை முப்பதிலிருந்து நாற்பது நிமிஷமாக ஆக்கவேண்டும் என்பது. பத்தே நிமிஷம்!

நிர்வாகத்தின் மனோபாவத்தையும் இங்கே பார்க்கவேண்டும். ஏனெனில் மனோபாவம் தொழிலாளிக்கு மட்டுமே உள்ள வஸ்து அன்று. தன் ஆலைக்குள் நடப்பதைப் பேச வெளியார் யார் என்ற கோபம் கம்பெனியாருக்கு இருந்தது. 1920 இறுதியில் கதவடைப்பு வந்தது. சங்கத் தலைவர்கள் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டு, வாடியா முதலியோருக்கு எதிராகத் தடையாணை வந்தது. தொழிற்சங்கம் நடத்துவதே சட்டத்தின் முன் அபாயகரமான காரியம் என்பதை நாடு அன்றுதான் உணர்ந்தது. மத்தியச் சட்டசபையில் தொழிலாளர் பிரதிநிதி என்.எம். ஜோஷி எழுப்பிய குரலும் அதன் பயனாக 1926 இல் வந்த தொழிற்சங்கச் சட்டமும் இந்த வழக்கின் வாரிசுகள். 1921 இல் மீண்டும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நீடித்தது. புளியந்தோப்பில் ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் மற்றவர்களுக்கும் மூண்ட கலகத்தில் வீடுகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தொழிலாளர் ஒற்றுமையின் மேல் சாதி வைத்த தீ அது. அதை மறைத்துவிட்டு இந்தச் சரித்திரத்தைச் சொல்வது நேர்மையாகாது.

இவ்வளவு சேதத்துக்குப் பின், 1922 இல், அதே ஆலைகளில் நிர்வாகமும் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார்ந்து பேசும் ஒரு குழு அமைந்தது. ஜாம்ஷெட்பூரின் டாட்டா இரும்பாலை இதற்குச் சற்று முன் அமைத்ததைப் போல, இந்தியாவின் ஆதிக் குழுக்களில் ஒன்றாக அது பேசப்படுகிறது. இத்தகைய குழு தொழிற்சங்கத்துக்கு ஈடாகாது. சங்கத்தை ஒதுக்கிவைக்க இதைக் கருவியாக்கிய முதலாளிகளும் உண்டு. ஆயினும், சொல்லுவது நாம், கேட்பது நீ என்றிருந்த உறவு, நீயும் சொல்லலாம் என்ற நிலைக்கு ஓர் அங்குலமேனும் நகர்ந்தது. அந்த நகர்ச்சிக்கு நான்கு ஆண்டுகளும், பலருடைய கூலியும், சிலருடைய உயிரும் விலையாயின. தொடக்கத்தில் கேட்கப்பட்டவற்றையோ உணவுக் கூடத்தின் ஓரத்தில் நின்றே பேசித் தீர்த்திருக்கலாம்.

கேட்டு நடத்துவதால் உற்பத்தி கெட்டுப்போகும் என்று அஞ்சுவோர்க்கு இரண்டு பரிசோதனைகளைச் சொல்லத் தோன்றுகிறது. இரண்டும் துணித் தொழிலைச் சேர்ந்தவையே. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் பைஜாமா தைக்கும் ஹார்வுட் என்ற தொழிற்சாலையில், வேலை முறையை மாற்றும்போதெல்லாம் எதிர்ப்புக் கிளம்பியது. கோச், பிரெஞ்சு என்னும் இருவர் அங்கே நடத்திய ஆராய்ச்சி 1948 இல் வெளிவந்தது. ஒரு குழுவினரிடம் புது முறையை வெறுமனே அறிவித்தார்கள். முதல் நாற்பது நாட்களுக்குள் அக்குழுவில் நூற்றுக்குப் பதினேழு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். மற்றக் குழுக்களிடம் மாற்றத்தின் அவசியத்தை விளக்கி, முறையை வகுப்பதிலேயே அவர்களைச் சேர்த்துக் கொண்டார்கள். அவர்களில் ஒருவரும் வேலையை விடவில்லை. எல்லோரும் பங்கெடுத்த குழுக்களில் உற்பத்தி முன்பிருந்ததைவிடச் சுமார் 14 சதவீதம் உயர்ந்து நின்றது.

மற்றது நம் நாட்டிலேயே, அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் 1953 இல் நடந்தது. அங்கே புதிதாகப் போட்ட தானியங்கித் தறிகளில் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. லண்டன் டாவிஸ்டாக் ஆராய்ச்சி நிலையத்து ஏ.கே. ரைஸ் வந்து பார்த்தபோது, 224 தறிகள் கொண்ட கூடத்தில் இழை முடிபவர் ஒருவர், எண்ணெய் விடுபவர் ஒருவர், பெருக்குபவர் ஒருவர் என்று வேலை துண்டு துண்டாகக் கிடந்தது. எவர் எந்தத் தறிக்குப் பொறுப்பு என்பது எவருக்குமே தெளிவாயில்லை. தறிகளைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சிறு குழுவைப் பொறுப்பாக்கலாம் என்ற யோசனையை அவர் வெளியிட்டதும், குழுவில் யார் யார் என்பதைத் தொழிலாளிகளே பேசி முடிவு செய்துகொண்டார்கள். ஆரம்பத்துத் தடுமாற்றம் தீர்ந்ததும் உற்பத்தி கூடியது. துணிச் சேதம் குறைந்தது. ஆட்கள் அதே ஆட்கள். அவர்களுக்கு நல்லொழுக்கப் போதனை எதுவும் நடக்கவில்லை. பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவே.

கையுறை விஷயத்தையும் இதே வெளிச்சத்தில் பார்க்கலாம். உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு, விரல் பிடிப்பு நழுவும் தடித்த கையுறை அன்றைய வரும்படியைக் குறைக்கிறது. கையுறை அணியாவிட்டால் அபராதம் என்றால், போர்மேன் வரும்போது மாட்டிக்கொண்டு, அவர் திரும்பியதும் கழற்றிவிடுவான். ஒத்துவரும் கையுறையை அவனே பொறுக்கிக்கொள்ளச் சொல்லி, பழகும் வரையில் ஒரு வாரம் கூலிக் கணக்கைத் தளர்த்திக் கொடுத்துப் பாருங்கள்.

இருதரப்பும் உட்கார்ந்து பேசும் இந்த அனுபவத்தைச் சுதந்திரத்துக்குச் சற்று முன்பே அன்றைய அரசாங்கம் சட்டமாக்க முயன்றது. 1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், நூறு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் இடங்களில் இரு தரப்புக் குழு அமைக்க உத்தரவிட வகை செய்தது. ஆனால் பல இடங்களில் குழு என்பது பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு நின்றுவிட்டது. சட்டத்தால் நாற்காலிகளைப் போட முடியும். எதிரில் உட்கார்ந்திருப்பவனின் பேச்சைக் கேட்கவைக்க முடியாது. நூறு பேர் இல்லாத தண்டையார்பேட்டைப் பட்டறைகளுக்கு அந்த நாற்காலியும் கிடையாது.

ஆகவே, அத்தகைய பட்டறைகளை நடத்தும் அன்பர்களுக்கு எமது வேண்டுகோள் இது. இந்த வாரம் சுவரில் இருக்கும் எச்சரிக்கைத் தாளைக் கழற்றி வைத்துவிட்டு, வேலை தொடங்கும் நேரம், சாப்பாட்டு நேரம், குடிதண்ணீர், கழிப்பிடம் ஆகிய நான்கைப் பற்றி மட்டும் உங்கள் ஆட்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். கணக்கப்பிள்ளையை அனுப்பாமல் நீங்களே கேளுங்கள். அவர்கள் சொன்னவற்றில் உடனே செய்யக்கூடியதை மறுநாளே செய்யுங்கள். செய்ய முடியாததற்குக் காரணத்தை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து வருகைப் பதிவேட்டையும் சேதக் கணக்கையும் எடுத்துப் பார்த்து, கண்டதை இப்பத்திரிகைக்கு எழுதுங்கள். துறைமுகத்து மேஸ்திரி முறையையும், கப்பல் கூலிகளுக்கு நிலையான வேலை தர வந்த 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.