அக்னி நட்சத்திரத்தில் மரத்துக்கும் பத்தியம்!

"தினமும் தண்ணி ஊத்தறேன், ஆனாலும் மந்தாரை வாடுதே டாக்டர்!" சித்திரை பிறந்தால் மருந்து வாங்க வரும் இல்லத்தரசிகள் பலரும் கேட்கும் கேள்வி இது.

கோளாறே அந்த 'தினமும்'தான். நாளுக்கு ஒரு குடம் தெளித்தால் மேல்மண் 2 அங்குலம் நனையும், மதியத்துக்குள் காய்ந்துவிடும். வேரும் ஈரத்துக்காக மேலேயே தங்கிச் சூட்டில் கருகும்.

வளர்ந்த மரத்துக்கு வாரம் ஒருமுறை (மணல் பூமியென்றால் இருமுறை) அதிகாலையில், 1 அடி ஆழம் நனையும்படி நிதானமாக விடுங்கள். போன மழைக்கு நட்ட கன்றுக்கு 2 நாளுக்கு ஒருமுறை. அடிமரத்தில் ஊற்றிப் பயனில்லை. கிளை நிழல் விழும் விளிம்பை ஒட்டி வட்டமாகப் பாத்தி கட்டுங்கள். தண்ணீர் உறிஞ்சும் வேர்கள் அங்கேதான் அதிகம்.

பாத்தியில் காய்ந்த சருகை 3 அங்குலம் பரப்பினால் ஈரம் தங்கும். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடணும். இல்லாவிட்டால் பட்டை அழுகும்.

அரிசி கழுவின தண்ணீர் ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் ஆகாது.

வாடிய மரத்துக்கு உரம் போடுவது, காய்ச்சல்காரருக்குக் கறிவிருந்து வைக்கிற மாதிரி. உரம், கவாத்து எல்லாம் மழைக்குப் பிறகு.

மதியம் இலை தொங்கினால் பயப்படாதீங்க. மாலையில் நிமிர்ந்தால் சரி. விடிந்தும் தொங்கினால், மண்ணைக் கிளறிப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் தாகம். சொதசொதவென்றிருந்தால் வேர் அழுகல், தண்ணீரை நிறுத்துங்கள்.

சரக்கொன்றை இலை உதிர்ப்பது நோயல்ல, பூக்கப் போகிறது!

ஒரு கோடையில் பட்டுப்போகும் மரத்தின் நிழல் திரும்பக் கிடைக்கப் பல வருஷம் ஆகும். இந்த வாரமே பாத்தி கட்டிவிடுங்கள்.