தொண்டைக்கு இதம் தரும் கைமருந்துகள்

தில்லியில் கார்த்திகை கழிந்ததும் நம் இல்லங்களில் தொண்டைக் கரகரப்பு குடிபுகுந்துவிடுகிறது. இவ்வூரின் வறண்ட வாடைக்காற்றும் மூடுபனியோடு கலந்த புகையும் அதற்குத் துணைபோகின்றன. ஊரிலாயின் பாட்டி கைமருந்துப் பெட்டியைத் திறப்பார். இங்கோ, கடைக்காரரிடம் சித்தரத்தையை என்ன சொல்லிக் கேட்பதென்று அறியாமல் நாம் திகைத்து நிற்கிறோம்.

பெயர் தெரிந்தால் போதும், சரக்குக் கிடைத்துவிடும். சித்தரத்தை இங்கே 'குலஞ்சன்' எனப்படும். சுக்கு 'ஸோண்ட்', அதிமதுரம் 'முலேட்டி', மிளகு 'காலி மிர்ச்'. பழைய தில்லியின் காரி பாவ்லி கடைத்தெருவில் இவை யாவும் உண்டு. பனங்கற்கண்டு அகப்படாவிடில் 'மிஸ்ரி' என்னும் கற்கண்டு போதும்.

முதற்கண் எளியது உப்பு நீர். ஒரு தம்ளர் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, பொறுக்கும் சூட்டில் நாளுக்கு மூன்று நான்கு முறை தொண்டையில் படுமாறு கொப்பளித்து உமிழவேண்டும்.

அடுத்தது கஷாயம். விரல் நுனியளவு சுக்கைத் தோல் சீவித் தட்டி, பத்து மிளகையும் ஒரு கைப்பிடி துளசியையும் சேர்த்து, இரண்டு தம்ளர் நீரில் இட்டு, ஒரு தம்ளராக வற்றக் காய்ச்சி வடிகட்டவேண்டும். கற்கண்டு சேர்த்து இளஞ்சூட்டில் சிறிது சிறிதாகப் பருகுவது நலம். சித்தரத்தைத் துண்டொன்றை வாயில் அடக்கிச் சாற்றை விழுங்கினாலும் கரகரப்புத் தணியும்.

இரண்டு எச்சரிக்கைகள் உள. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரலாகாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தவிர்க்கவேண்டும். அது அழுத்தத்தை உயர்த்தக்கூடியது.

இவை வேதனையைத் தணிப்பனவேயன்றி நோயை வேரறுப்பன அல்ல. தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ் கிருமிகளால் வருவது. ஒரு வாரத்தில் தானே அடங்கிவிடும். ஆயினும் 5 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளுக்கு, இருமலின்றிக் கடுங்காய்ச்சலும், விழுங்க இயலாத வலியும், கழுத்தில் நெறிக்கட்டும் கண்டால், அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியின் வேலையாக இருக்கலாம். அதைக் கவனியாது விட்டால் சிலருக்கு வாதக்காய்ச்சல் தோன்றி இதய வால்வுகளைப் பழுதாக்கிவிடும். தக்க காலத்தில் அளிக்கும் பெனிசிலின் அந்த ஆபத்தைத் தடுக்கும்.

ஆகவே, அத்தகைய குறிகள் தென்பட்டால் கஷாயத்தை நம்பிக் காலம் கடத்தாமல், பிள்ளையை அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக. பாட்டி அருகில் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்.