நெல்வயலின் நீலப்பச்சைப் பாசி: அதன் உள்ளமைப்பும் உபயோகமும்

கம்பம் பள்ளத்தாக்கில் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நன்செய் முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளைகின்றது. காமயகவுண்டன்பட்டிச் சுற்றுப்புறத்தில் நெல்வயல்களுடன் திராட்சைத் தோட்டங்களும் மிகுதி. நடவு முடிந்த சில வாரங்களில், வயலில் தேங்கிய நீரின்மேல் நீலங்கலந்த பச்சைப் படலம் பரவுவதைக் குடியானவர் பலரும் கண்டிருப்பர். இதனைக் கழிவென்றெண்ணி அரித்தெறிவோரும் உளர். ஆயின் இப்பாசி வகைகளிற் பல, காற்றிலுள்ள தழைச்சத்தைக் கைப்பற்றி நிலத்திற்கு அளிப்பவை. இந்திய நெல்வயல்களில் இவ்வுண்மையை பி. கே. டே என்னும் அறிஞர் 1939-ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார்.

இத்தொழிலுக்கு வேண்டிய சக்தி சூரிய ஒளியே. பாசியின் உயிரணுவினுள் மெல்லிய சவ்வுகள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றில் புரதமும் பச்சையமும் பிணைந்த இரு கூட்டமைப்புகள் பதிந்திருக்கின்றன. இவை ஒளித்தொகுதி ஒன்று, ஒளித்தொகுதி இரண்டு எனப்படும். சவ்வின் புறத்தே ஒட்டியுள்ள நீலநிறப் புரதம், பச்சையம் நன்கு ஏலாத நிறக்கதிர்களையும் ஏற்று இவற்றிற்கு உதவுகிறது. உலர்ந்து செத்த பாசியை நீரில் ஊறவைப்பின் கசியும் நீலச்சாயம் இப்புரதமேயாம்.

இத்தொகுதிகளைப் பிரித்தெடுக்கும் முறை வருமாறு: தூய பாசியை வளர்த்து, உயிரணுக்களை உடைத்து, சவ்வுகளை மட்டும் சேகரிப்பர். வெண்ணெயைச் சோப்பு கரைப்பதுபோல், சவ்விலுள்ள கொழுப்பை மென்மையான சோப்பினப் பொருளால் கரைத்துத் தொகுதிகளைச் சிதையாமல் விடுவிப்பர். பின்னர்ச் சர்க்கரைக் கரைசலின்மேல் இட்டுக் கடுவேகத்தில் சுழற்றினால், எடைக்கும் அளவுக்கும் ஏற்ப ஒவ்வொன்றும் தனிப் பட்டையாய் நிற்கும். அதனைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் பாய்ச்சி உள்ளமைப்பை அறிவர்.

வெந்நீர் ஊற்றுப் பாசியிலிருந்து எடுத்த ஒளித்தொகுதி ஒன்றின் அமைப்பை பெர்லின் அறிஞர்கள் 2001-இல் தெளிவாக்கினர். மூன்று கூறுகள் சேர்ந்த அதில், ஒவ்வொரு கூறும் 12 புரதங்களும் 96 பச்சைய மூலக்கூறுகளும் கொண்டது. 2011-இல் ஜப்பானிய அறிஞர்கள் ஒளித்தொகுதி இரண்டில் நீரைப் பிளந்து பிராணவாயுவை வெளியிடும் இடத்தைக் கண்டனர். ஆங்கே நான்கு மாங்கனீஸ் அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் உள்ளன.

இவ்வறிவால் குடியானவர்க்கு என்ன பயன்? தழைச்சத்தைக் கைப்பற்றும் நொதிப்பொருள் பிராணவாயு பட்டால் கெடும். ஆகையால் அனபீனா, நாஸ்டாக் முதலிய பாசிகள் தம் சரத்தின் இடையிடையே தடித்த சுவருடைய தனி உயிரணுக்களை அமைக்கின்றன. அவற்றில் பிராணவாயு விடும் இரண்டாம் தொகுதி தொழிற்படாது. முதல் தொகுதி மட்டுமே சக்தி தரும். அவற்றின் உணவு அண்டை உயிரணுக்களிலிருந்தே வரவேண்டும். கரும்பிலும் மக்காச்சோளத்திலும் தெளிக்கும் அட்ரசின் என்னும் களைக்கொல்லி அண்டை உயிரணுக்களின் இரண்டாம் தொகுதியிற் புகுந்து, மின்னணு செல்லும் வழியை அடைத்துவிடுகிறது. அண்டையவை பட்டினி கிடக்கத் தழைச்சத்துத் தொழிலும் நின்றுபோம். திராட்சைக்குத் தெளிக்கும் மயில்துத்தக் கலவையும் பாசிக்கு நஞ்சே.

ஆதலின் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம். தெளிப்பான்களை நெல்வாய்க்காலில் கழுவலாகாது. நடவான பத்தாம் நாளில் ஹெக்டேருக்கு 10 கிலோ நீலப்பச்சைப் பாசித் தூளை விதைத்து, வயலில் மெல்லிய நீர் நிற்கச் செய்யவேண்டும். அச்சமயத்தில் யூரியாவை மிகுதியாய் இட்டால், பாசி காற்றின் தழைச்சத்தை நாடாது. நூல்போல் அடர்ந்து நாற்றை அமுக்கும் பச்சைப்பாசி வேறு, அதனை அகற்றலாம். ஒரு வாய்க்காலின் நீர் பலர் வயலுக்கும் பாய்வதால், கிராம அதிகாரிகளும் பாசன சங்கத்தாரும் இதனை யாவர்க்கும் எடுத்துரைப்பது அவசியம். மேல்வயலார் ஒருவரின் கவனக்குறைவு, கீழ்வயலார் பலரின் இலவச எருவை அழித்துவிடும்.