நாடக நோட்டுகளுக்கு ஓர் அலமாரி

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்த் திருவிழாக்களில் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியவிடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. அன்றிரவுதான் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து நடிப்பவர்களாகக்கூட இருக்கலாம். ஆனாலும் ‘வள்ளி திருமணம்’ தடங்கல் இல்லாமல் நடக்கும். இருவரும் கற்றது ஒரே பாடம். அதன் பெரும்பகுதி நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளிடமிருந்து வந்தது. அந்தப் பாடம் எந்தத் தாள்களில் இருக்கிறது, அவற்றை எப்படிக் காப்பது என்று பார்ப்போம்.

ஒரு நாடகம், பல நோட்டுகள்

கவிஞரின் கையெழுத்துப் பிரதி அவர் மேசையில் கிடைக்கும். நாடகாசிரியரின் எழுத்து அப்படி ஒரே இடத்தில் தங்குவதில்லை. 1867-இல் பிறந்த சுவாமிகள், 1918-இல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’யைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்து பயின்றது அங்கேதான். தமக்காகச் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்ததை அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். சுவாமிகள் 1922-இல் மறைந்தார். பாடம் நடிகர்களோடு ஊர் ஊராகப் போனது.

நடிகர் தம் வேஷத்துக்கு உரிய வசனத்தையும் பாட்டையும் நோட்டில் எழுதிக்கொள்வார். எதிராளி பேசும் கடைசி வரி மட்டும் அடையாளத்துக்கு இருக்கும். முழு நாடகமும் வாத்தியாரிடம் இருக்கும். அடுத்த தலைமுறை அந்த நோட்டைப் பார்த்துத் தன் நோட்டை எழுதும். ஒரு பாட்டைச் சேர்க்கும், ஒரு தர்க்கத்தை நீட்டும், கூட்டம் ரசிக்காத இடத்தை வெட்டும். ஆகவே ஒரே நாடகத்தின் இரண்டு நோட்டுகள் ஒத்துப்போகாவிட்டால், ஒன்று சரி, மற்றது பிழை என்று தள்ளக் கூடாது. இரண்டும் வேண்டும். சேர்த்துப் பார்த்தால்தான் நூறு ஆண்டுகளில் நாடகம் எப்படி மாறியது என்பது தெரியும்.

எவையெல்லாம் ஆவணம்?

நாடகப் பிரதி மட்டும் அல்ல. காலணா, அரையணா விலைக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ்கள், ஒப்பந்தச் சீட்டுகள், வரவு செலவுக் கணக்கு, கடிதங்கள், வேஷத்தோடு எடுத்த புகைப்படங்கள், ஒலிநாடாக்கள் எல்லாமே ஆவணங்கள்தான். ஒரு நோட்டீஸ் போதும்: எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் யாரோடு நடித்தார், டிக்கெட் என்ன விலை என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இதற்கு நம் வட்டாரத்திலேயே நல்ல உதாரணம் மதுரகவி பாஸ்கரதாஸ். நாடக மேடைகளில் தேசியப் பாடல்களைப் பரப்பியவர். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’-க்கும் பாட்டு எழுதியவர். அவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாட்குறிப்பு எழுதிவந்தார். குடும்பம் அதைப் பத்திரமாக வைத்திருந்தது. அவருடைய பேரனும் நாடக இயக்குநருமான ச. முருகபூபதி தொகுக்க, 2009-இல் அது நூலாக வந்தது. வீட்டில் யாராவது ஒருவர் அதைப் பழைய பேப்பர்க் கடைக்குப் போட்டிருந்தால், அந்தக் கால நாடக உலகின் அன்றாடத்தை அறிய நமக்கு வழியே இருந்திருக்காது.

எதிர்பாராத இடத்திலும் நாடக எழுத்து தங்கியிருக்கிறது. 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டம், மேடையேறப்போவதை முன்கூட்டியே கேட்டு வாங்கவும் தடை செய்யவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. தடை செய்யப்பட்ட பாட்டுப் புத்தகங்களில் பல இன்று சென்னையிலும் லண்டனிலும் அரசு சேகரிப்புகளில் உள்ளன. அழிக்க நினைத்தவர்களின் அலமாரியே அவற்றைக் காப்பாற்றிவிட்டது.

யார் காக்கிறார்கள்?

பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய காலத்தில், அறிஞர்கள் ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். பழந்தமிழ் இலக்கியம் பிழைத்தது. நாடக நோட்டுகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அந்தக் குறையை ஓரளவு தீர்த்தவர் காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் இருந்த ரோஜா முத்தையா. தனிமனிதராக அவர் சேர்த்தவை ஏறக்குறைய 1 லட்சம் உருப்படிகள். நாடகப் புத்தகங்களும் நோட்டீஸ்களும் அதில் உண்டு. 1992-இல் அவர் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை அடிப்படையாகக் கொண்டு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது.

ஸ்காட்லாந்தில் நாடகத்துக்கென்றே தனிக் காப்பகம் இருக்கிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழக நூலகத்தில் 1981-இல் தொடங்கியது அது. அச்சான நாடகத்தோடு நிற்காமல், மேடைக்குப் பின்னால் இருந்தவர் ஓரத்தில் குறிப்பெழுதிய பிரதியையும் சுவரொட்டியையும் சேர்த்துவைக்கிறார்கள். ‘7:84’ என்ற குழு 1973-இல் ஊர் ஊராகக் கொண்டுபோய் நடித்த நாடகத்துக்கு, பக்கத்தைத் திருப்பினால் காட்சி எழுந்து நிற்கும் மாபெரும் அட்டைப் புத்தகம்தான் அரங்கப் பொருள். அதுவும் இன்று ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் சொத்து. ஊர் சுற்றிய நாடகமும் தேசத்தின் செல்வம் என்று அங்கே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

தாள் ஏன் நொறுங்குகிறது?

மரக்கூழில் செய்த மலிவான தாளில் அமிலம் இருக்கிறது. வெப்பத்தில் அது வேகமாக வேலை செய்யும். தாள் பழுத்து, மடித்த இடத்தில் ஒடியும். மதுரையின் கோடை அதற்குத் தோது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். கரையானும் ராமபாணப் பூச்சியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். காப்பகங்கள் அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்து, அமிலம் இல்லாத அட்டைப் பெட்டிகளில் தாள்களை வைப்பது இதனால்தான்.

வீட்டில் நோட்டு இருந்தால்

முதலில் வரிசையைக் கலைக்காதீர்கள். எந்தக் காகிதம் எந்த நோட்டுக்குள் செருகியிருந்ததோ அங்கேயே இருக்கட்டும்; அந்த இடமும் ஒரு தகவல். துருப்பிடித்த குண்டூசியையும் கிளிப்பையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை தாளைக் கறையாக்கும். லேமினேஷன் கூடவே கூடாது; பிறகு பிரிக்க முடியாது. சுள்ளென்ற வெயிலில் காயவைத்தால் மை வெளுக்கும். நிழலில் காற்றாட விடுங்கள். தூசியை மென்மையான தூரிகையால் தட்டி, சாயமில்லாத பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத இரும்பு பீரோவில் வையுங்கள்.

அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை, வெற்றுப் பக்கத்தையும் விடாமல், செல்போனில் படம் எடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிந்தபோது, வேறு பிரதி இல்லாத ஏடுகளும் சாம்பலாயின. படத்தோடு ஒரு குறிப்பும் வேண்டும்: நோட்டு யாருடையது, என்ன வேஷம் கட்டினார், வாத்தியார் யார், எந்த ஊர்களில் நடித்தார். வயதான கலைஞர் வீட்டில் இருந்தால், அவரை நோட்டைப் பார்த்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மெட்டு தாளில் இல்லை.

காப்பகத்துக்குக் கொடுத்தால் உரிமை போய்விடுமா?

போகாது. தாள் ஒருவரிடமும் எழுத்தின் பதிப்புரிமை வேறொருவரிடமும் இருக்கலாம். நம் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. சுவாமிகளின் நாடகங்கள் இன்று எல்லோருக்கும் பொது. ஆசிரியர் காலத்தில் வெளிவராத எழுத்துக்கு மட்டும், அது முதலில் வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் கணக்கு. பொதுமேடையில் நடித்ததும் வெளியீடாகவே எண்ணப்படும். தாள்களைக் கொடுக்கும்போது, கொடையா அல்லது பிரதி எடுத்துத் திருப்பித் தருவதா, யார் பார்க்கலாம், யார் அச்சிடலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டால் போதும்.

மதுரையில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது, தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்று நாடக நோட்டுகளுக்கென்று ஓர் அலமாரியை ஒதுக்கி, ஊர் ஊராகப் பிரதி எடுக்கும் வேலையைத் தொடங்க வேண்டும். அதுவரை பொறுப்பு வீட்டுக்காரர்களுடையது. பரணில் தாத்தாவின் தகரப்பெட்டி இருந்தால், திறந்து பார்க்காமல் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.