ஞாயிறு காலை... சைக்கிளை எடுங்க சுட்டிகளே!

பரீட்சை முடிந்துவிட்டது. முதல் மூன்று நாள் எட்டு மணி வரை தூங்கியாயிற்று. நான்காம் நாள் டி.வி. அலுத்துவிட்டது. அம்மாவின் செல்போன் கைக்குக் கிடைக்கவில்லை. "போரடிக்குதும்மா" என்று ஆரம்பித்தால், "வெயில்ல சுத்தாம உள்ளே கிட" என்று பதில் வருகிறது. என்ன சுட்டிகளே, உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

வாசல் பக்கம் சுவரில் சாய்ந்தபடி, தூசி படிந்து நிற்கிறதே ஒரு ஜீவன், அதைக் கவனித்தீர்களா? பத்து மாதம் உங்களையும் உங்கள் புத்தக மூட்டையையும் சுமந்த சைக்கிள்தான் அது! லீவு விட்டதும் அதை மறந்துவிட்டால் எப்படி? இந்தக் கோடை விடுமுறையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் அதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். காசு செலவில்லை. உங்கள் ஊரிலேயே நீங்கள் பார்க்காத இடங்கள் எத்தனை இருக்கின்றன என்று அப்போதுதான் தெரியும். எப்படிக் கிளம்புவது என்று பார்ப்போமா?

சனிக்கிழமை சாயங்காலம்

ஞாயிறு சவாரி சனிக்கிழமையே தொடங்கிவிடுகிறது. முதலில் ஒரு பழைய துணியால் சைக்கிளைத் துடையுங்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே அமுங்கினால் காற்று போதாது. காற்று குறைந்த சைக்கிளை மிதிப்பது, மணலில் தள்ளுவண்டியை இழுப்பது மாதிரி!

அடுத்தது பிரேக். முன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளுங்கள். பிறகு பின் பிரேக்கை மட்டும் பிடித்துத் தள்ளுங்கள். இரண்டு தடவையும் சக்கரம் சுற்றாமல் நிற்க வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் சைக்கிள் கடைக்குப் போய் மாற்றிவிட்டுத்தான் மறு வேலை. செயினில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். பெல் அடிக்கிறதா, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சைக்கிளை மொட்டை வெயிலில் நிறுத்தாதீர்கள். சூட்டில் டியூபுக்குள் இருக்கும் காற்று விரியும். பழைய ஒட்டு இருந்தால் அந்த இடம் பிய்த்துக்கொள்ளும்.

எவ்வளவு தூரம் போகலாம்?

கத்திரி வெயில் மே 4-ம் தேதி வாக்கில் தொடங்கும். அந்த நாட்களில் காலை ஆறு மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடுகிறது. ஆறு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். பத்து மணி வெயிலில் வீரம் காட்ட வேண்டாம்!

நிதானமாக மிதித்தால் ஒரு மணி நேரத்தில் சுமார் 10 கிலோமீட்டர் போகலாம். முதல் வாரமே அவ்வளவு தூரம் வேண்டாம். போக 3 கிலோமீட்டர், வர 3 கிலோமீட்டர் போதும். அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? கிளம்பும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பாருங்கள். முடிந்தால் எதிர்காற்றில் கிளம்புங்கள். களைத்துப்போய்த் திரும்பும்போது அதே காற்று உங்கள் முதுகைத் தள்ளிவிடும்.

நாலைந்து பேர் சேர்ந்து போகிறீர்களா? கூட்டத்தில் யார் சின்னப் பையனோ, யார் மெதுவாக மிதிக்கிற பெண்ணோ, அவரை முன்னால் விடுங்கள். அவருடைய வேகம்தான் எல்லோருடைய வேகமும். கெட்டிக்காரர் கடைசியில் வரட்டும். இப்படிப் போனால் யாரும் பின்தங்கி, தனியாக நின்று அழ வேண்டியிருக்காது. உங்களோடு பெரியவர் ஒருவரும் வந்தால் ரொம்ப நல்லது. வராவிட்டால், எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

மைல்கல் சொல்லும் சேதி

எந்த ரோட்டில் போகலாம், எதில் போகக்கூடாது? இதை ரோட்டோரக் கல்லே சொல்லிவிடும். கிலோமீட்டர் கல்லின் தலைப்பகுதியைப் பாருங்கள். மஞ்சள் நிறம் என்றால் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. லாரியும் பஸ்ஸும் பறக்கிற இந்த இரண்டும் நமக்கு வேண்டாம். ஆரஞ்சு நிறக் கல் நிற்கிறதா? அது கிராமச் சாலை. நமக்கு ஏற்ற ரோடு அதுதான்!

எந்த ரோடாக இருந்தாலும் இடது ஓரம், ஒருவர் பின் ஒருவர். இரண்டு பேர் தோளில் கைபோட்டுக்கொண்டு போவது சினிமாவில் பார்க்க அழகாக இருக்கும். ரோட்டில் வேண்டாம். திரும்புவதற்கு முன் பின்னால் பார்த்துவிட்டு, திரும்பும் பக்கம் கையை நன்றாக நீட்டுங்கள். தலையில் ஹெல்மெட் இருக்கட்டும். ரோட்டில் நெல்லோ உளுந்தோ காயப்போட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். தானியத்தின் மேல் டயர் வழுக்கும். அதோடு, அது ஒருவருடைய ஒரு வருட உழைப்பு இல்லையா?

நாய் துரத்தினால்? வேகமாக மிதித்தால் அதுவும் வேகமாகத்தான் ஓடி வரும். மெதுவாக நிறுத்தி இறங்குங்கள். உங்களுக்கும் நாய்க்கும் நடுவே சைக்கிள் இருக்கும்படி தள்ளிக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் அது குரைத்துவிட்டு, தன் எல்லை முடிந்ததும் திரும்பிவிடும்.

மிதித்தே அளக்கலாம்!

"லீவுலேயும் கணக்கா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். இது விளையாட்டுக் கணக்கு. டயரில் ஓரிடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்தில் தரையிலும் ஒரு கோடு. இப்போது சைக்கிளை நேராகத் தள்ளுங்கள். டயர்க் கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு போட்டு, இரண்டுக்கும் இடையே டேப்பால் அளங்கள். 26 அங்குலச் சக்கரம் என்றால் சுமார் 2 மீட்டர் 7 சென்டிமீட்டர் வரும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நீங்கள் போகும் தூரம் இதுதான்.

அடுத்து, பெடல் பக்கம் இருக்கும் பெரிய பல்சக்கரத்திலும், பின்சக்கரத்தில் இருக்கும் சின்ன பல்சக்கரத்திலும் எத்தனை பற்கள் என்று எண்ணுங்கள். எண்ணும்போது சைக்கிள் அசையக்கூடாது. விரலைச் செயினுக்குள் விடவும் கூடாது. பெரியதில் 44, சின்னதில் 18 என்று வைத்துக்கொள்வோம். 44-ஐ 18-ஆல் வகுத்தால் ஏறக்குறைய இரண்டரை. அதாவது, நீங்கள் ஒரு முறை மிதித்தால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றுகிறது. தூரம் 5 மீட்டர்! 200 முறை மிதித்தால் ஒரு கிலோமீட்டர். இனி உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று யாரையும் கேட்க வேண்டாம். மிதிப்பதை நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே போனால் போதும்.

குளத்தைப் பாருங்கள், இறங்காதீர்கள்

கிராமச் சாலையில் கொஞ்ச தூரம் போனாலே ஏரியோ குளமோ வந்துவிடும். கரையில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுச் சும்மா உட்காருங்கள். கம்பியில் உட்கார்ந்து தண்ணீரையே முறைத்துக்கொண்டிருக்கும் மீன்கொத்தி, சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம், ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு எல்லாம் காலையில்தான் நன்றாகத் தெரியும். மே மாதம் என்றால் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும். நுங்கு சீவுகிறவர் வழியில் தென்பட்டால் உங்களுக்கு யோகம்தான்!

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். குளிக்க இறங்காதீர்கள். கோடையில் ஏரியில் தண்ணீர் குறைந்துதான் இருக்கும். முழங்கால் ஆழம் போலத்தான் தெரியும். ஆனால் வண்டல் மண் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. ஓர் அடி எடுத்து வைத்தால் தலைக்கு மேல் தண்ணீர். கிணறும் கல்குவாரிக் குட்டையும் இதைவிட மோசம். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இப்படிப் போன பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கிறோம். நண்பர்கள் "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். யாராவது தண்ணீரில் மாட்டிக்கொண்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கத்திப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். கயிறு, நீளமான கொம்பு, துண்டு என்று எது கிடைக்கிறதோ அதைக் கரையில் படுத்துக்கொண்டு நீட்டுங்கள்.

மற்ற ஆறு நாளும்...

ஞாயிறு ஊர் சுற்றல் சரி. திங்கள் முதல் சனி வரை? இந்த லீவில் வீட்டு வேலையில் ஒன்றைச் சைக்கிள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பால் வாங்குவது, மாவு மில்லுக்குப் போவது, தெருக்கோடிப் பாட்டிக்கு மாத்திரை வாங்கித் தருவது, இப்படி ஏதாவது ஒன்று. கேரியரில் பையை வைத்து, பழைய டியூபைக் கிழித்த பட்டையால் இழுத்துக் கட்டுங்கள். ரப்பர் என்பதால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஹேண்டில்பாரில் பையைத் தொங்கவிட்டால் சக்கரத்தில் மாட்டும், ஜாக்கிரதை.

சைக்கிள் கடை அண்ணனிடம் கேட்டு, பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள். டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் முக்கினால் ஓட்டையிலிருந்து குமிழ் கிளம்பும். அந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, கொஞ்சம் உலரவிட்டு ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். அவ்வளவுதான்! உங்களுக்குத் தெரியுமா? 1880-களில் சைக்கிளுக்குக் கெட்டி ரப்பர் டயர்தான். கல்லில் ஏறினால் எலும்பெல்லாம் குலுங்கும். பெல்பாஸ்ட் நகரில் இருந்த ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று காற்றடித்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் மாட்டிப் பார்த்தார். 1888-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஒரு பிள்ளைக்காகச் செய்தது, இன்று நமக்கெல்லாம் கிடைத்திருக்கிறது!

அப்பா, தாத்தாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க எப்படி சைக்கிள் கத்துக்கிட்டீங்க?" அந்தக் காலத்தில் மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் விடும் கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன. சீட் எட்டாத பிள்ளைகள் பெரிய சைக்கிளின் பாருக்குக் கீழே காலை நுழைத்து மிதிப்பார்கள். அதற்குப் பெயர் குரங்குப் பெடல்! முழங்கால் தழும்பைக் காட்டி அவர்கள் கதை சொல்லும்போது நேரம் போவதே தெரியாது.

புதுக்கோட்டை அம்மாக்கள்

உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ சைக்கிள் ஓட்டத் தெரியுமா? "அந்தக் காலத்துல பொம்பளைப் பிள்ளைக்கு யாரு சைக்கிள் தந்தாங்க?" என்று பதில் வரலாம்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குத் தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல்குவாரியில் கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். சிலர் கேலி பேசினார்கள். அதற்காக யாரும் நிறுத்தவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

கடைகளில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. அதனால் என்ன? ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். முன்னால் பார் இருப்பதால் பிள்ளையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு! பஸ்ஸுக்காகக் காத்து நிற்காமல், யாரையும் "கூட்டிட்டுப் போ" என்று கெஞ்சாமல், தன் வேலைக்குத் தானே போய்வர முடிந்தது. அவர்களுக்குச் சைக்கிள் தந்தது அந்தச் சுதந்திரம்தான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். வீட்டில் ஒரே சைக்கிளா? அது எப்போதும் அண்ணன் கையில்தானா? அப்படியானால் இந்த லீவில் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிறு அண்ணன், ஒரு ஞாயிறு தங்கை. சைக்கிள் இல்லாத பக்கத்து வீட்டு நண்பனுக்கும் ஒரு முறை கொடுங்கள்.

கற்றுக்கொடுக்கலாமா?

தெரியாதவர் ஒருவருக்காவது லீவு முடிவதற்குள் ஓட்டக் கற்றுக்கொடுங்கள். வழி இதோ. சீட்டை நன்றாக இறக்குங்கள். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். முதல் நாள் பெடலைத் தொடவே வேண்டாம். உட்கார்ந்தபடி காலால் தரையை உந்தி உந்திப் போகட்டும். 1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் செய்த இரண்டு சக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. அவரும் இப்படித்தான் உந்திக்கொண்டு போனார்! காலைத் தூக்கிக்கொண்டு நாலைந்து மீட்டர் சாயாமல் போக வந்துவிட்டால், பிறகு பெடல். நீங்கள் பிடித்துக்கொள்வது சீட்டைத்தான். ஹேண்டில்பாரைப் பிடித்தால் அவருக்குச் சமநிலை வராது. "பார்வை தூரத்தில், சக்கரத்தில் இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். விழுந்தால் சிரிக்காதீர்கள். நீங்கள் விழுந்ததை அவர் பார்த்திருப்பார்!

ஜூன் 3 உலக சைக்கிள் தினம். ஐ.நா. சபை 2018-ல் அறிவித்தது. கோடை விடுமுறை முடிகிற சமயத்தில்தான் அந்த நாள் வருகிறது. அதற்குள் நீங்கள் எத்தனை கிலோமீட்டர் மிதித்தீர்கள், என்ன பறவை பார்த்தீர்கள், யாருக்குக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று ஒரு பழைய நோட்டில் எழுதி வையுங்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் "லீவுக்கு எங்கே போனே?" என்று டீச்சர் கேட்டால், ஊட்டி, கொடைக்கானல் போனவர்களைவிட உங்களிடம் சொல்ல நிறைய இருக்கும்.

சரி, இன்றைக்கு என்ன கிழமை? போய் டயரை அழுத்திப் பாருங்கள்!